மூன்று மணிக்கு நிவியை எழுப்ப வேண்டும்

கப்பலில் போகிறேன் என்று சொன்னதும் ஆபீஸில் எல்லோரும் க்ரூஸ் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். "பஃபே சூப்பரா இருக்குமாம், பாத்து சாப்பிடுங்க மாலதி, வெயிட் போட்டுடும்" என்றாள் பக்கத்து சீட் சுமதி. அவளைத் திருத்துவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. நான் போனது இரண்டு பாய்மரம் வைத்த பழைய மரக்கப்பல். ஒரு காலத்தில் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்ததாம். அதில் பயணி என்று யாரும் கிடையாது. ஏறுகிறவர்கள் எல்லோரும் வேலையாட்கள்தான். கயிறு இழுக்க வேண்டும், டெக் என்கிற மேல்தளத்தைக் கழுவ வேண்டும், உருளைக்கிழங்கு தோல் சீவ வேண்டும், முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஃப்ரீமான்ட்டில் பால் வாங்கக்கூடக் காரில் போகிற நான், ஐம்பத்து மூன்று வயதில், வட துருவத்துக்குப் பக்கத்துக் கடலில் பத்து நாள் இந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

காரணம் என் மகள் நிவேதிதா. எங்களுக்கு நிவி. ஃப்ரீமான்ட்டிலேயே பிறந்து வளர்ந்து, எல்லோரையும் போலக் கம்ப்யூட்டர் படித்து, எல்லோரையும் போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சனி ஞாயிறு பொழுதுபோக்காக வளைகுடாவில் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். டென்னிஸ் மாதிரி இதுவும் ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தோம். அலுத்தது வேலைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனவள், இப்போது இந்தக் கப்பலில் இரண்டாவது மேட். மேட் என்றால் கேப்டனுக்கு உதவியாகக் கப்பலை நடத்துகிறவர். ஆனால் தற்காலிகம். கோடை முடியும்போது கேப்டன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். போட்டுவிட்டால் அவள் அதே கப்பலில் உலகத்தின் தென்கோடிக்குப் போவாள். திரும்ப ஒன்றரை வருடம் ஆகும். போடாவிட்டால் வீட்டுக்கு வந்து மறுபடி வேலை தேடுவதாக அவள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பெண்ணோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து விழக்கூடாது என்று மனசின் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. இதை மறைத்தால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஏர்போர்ட்டில் இறக்கிவிடும்போது என் கணவர் சேகர் சொன்னது ஒன்றுதான். "எப்படியாச்சும் பேசிக் கூட்டியாந்துரு மாலதி." ஈரோட்டை விட்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும் அவர் கவலைப்படும்போது மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

பெட்டி கட்டும்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். குளிருக்கான உடுப்பெல்லாம் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் மூன்றையும் தொலைந்து போகக்கூடாது என்று கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஊறுகாயை செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொண்டார்கள். பெரிய பெட்டி ஆஸ்லோவில் காணாமல் போயிற்று. வடக்கே மலையும் பனியுமாக இருந்த ஒரு சின்னத் தீவு ஊரில் நான் போய் இறங்கியபோது என்னிடம் இருந்தது இரண்டு பொடி, ஒரு ஜோடி மாற்றுத் துணி, விமானத்தில் போர்த்திக்கொள்ள எடுத்து வந்த பச்சை ஷால். ஜூலை மாதம். ஃப்ரீமான்ட்டில் ஏசி போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். இங்கே பல் தந்தி அடித்தது. பிறகு கப்பலில் இரவல் உடுப்பு கொடுத்தார்கள், ஷாலை அதற்கு மேல் சுற்றிக்கொண்டேன்.

துறைமுகத்தில் ஆரஞ்சு நிற உடுப்பில் ஓர் ஆள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போனபிறகுதான் அது என் பெண் என்று தெரிந்தது. கன்னமெல்லாம் காற்று பட்டுத் தோல் உரிந்திருந்தது. கையைப் பிடித்தால் மரப்பட்டை மாதிரி இருந்தது. "இளைச்சுட்ட அம்மிணி" என்றேன். அவள் என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒரு ரூல். கப்பல்ல நான் உன் டாட்டர் இல்ல, மேட். எல்லார் முன்னாடியும் அம்மிணின்னு கூப்பிடாத, ப்ளீஸ். கொஞ்சாத. சாப்டியா சாப்டியான்னு கேக்காத" என்றாள்.

"ஒரு ரூல்னு மூணு சொல்ற" என்றேன்.

எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். கப்பலில் அவளாகவே தமிழ் பேசினாள். பதினான்கு பேரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற பாஷை என்பதால், ரகசியம் பேச வசதியாக இருந்ததாம். இருபத்தேழு வருடம் வீட்டில் கெஞ்சி வராத தமிழ் இப்படி வந்து சேர்ந்தது.

கேப்டன் பெயர் பீட்டர். அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். அதிகம் பேசாதவர். முதல் நாள் எங்களை நிற்கவைத்து, ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உங்களுக்கு, எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருங்கள் என்றார். அடுத்தது, இந்தக் கப்பலில் யாரும் அலாரம் வைக்கக்கூடாது. ஒருவருடைய அலாரத்துக்கு எட்டுப் பேர் தூக்கம் கெடும். மனிதரை மனிதர்தான் எழுப்ப வேண்டும். கீழே இறங்கும் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்குகிறது. யாரை, எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். "நீங்கள் எழுப்புவீர்கள் என்று நம்பித்தான் மற்றவர் தூங்குகிறார்" என்றார். எனக்கு அது ஒரு பெரிய வேலையாகத் தோன்றவில்லை. வீட்டில் பதினெட்டு வருடம் அதைத்தானே செய்தேன்.

வேலையை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். நான் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. எங்கள் குழுவுக்குத் தலைவர் லார்ஸ் என்ற முதல் மேட். என்னோடு கர்ட்ரூட் என்று ஒரு ஜெர்மன் பல் டாக்டர், ரிட்டயர் ஆனவர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், என்னைவிட இரண்டு மடங்கு கயிறு இழுப்பார். நிவியின் குழு நாலிலிருந்து எட்டு வரை. அதாவது நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குவாள், அவள் விழித்திருக்கும்போது நான் தூங்குவேன். இந்த ஏற்பாடு தற்செயலாக நடந்ததா என்று கேட்டதற்கு நிவி ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எழுத ஒன்றும் இல்லை. நானும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒன்றாக இருந்தோம். கப்பல் ஒவ்வொரு தடவை சாயும்போதும் சேகரைத் திட்டினேன். அவர் என்ன செய்தார் என்று தெரியாது, ஆனால் திட்டினால் கொஞ்சம் குமட்டல் அடங்கியது. வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தது ஒரு தடவை லார்ஸ், இரண்டு தடவை கர்ட்ரூட், மற்ற தடவையெல்லாம் நிவி. கொஞ்சாதே என்று எனக்கு ரூல் போட்டவள், யாரும் இல்லாதபோது என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் எனக்குப் பசித்தது. சமையல்காரர் கொடுத்தது அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் ஏதோ ஒரு மீனும். எதிலும் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. நான் பருப்புப்பொடியை எடுத்து உருளைக்கிழங்கின் மேல் தூவிக்கொண்டேன். லார்ஸ் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பாதி டப்பா காலி. ஃப்ரீமான்ட்டின் மௌரி அவென்யூவில் இந்தியக் கடையில் அதே பொடி அலமாரி அலமாரியாகக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே ஆறடி மூன்றங்குல நார்வேக்காரர் விரலை நக்கிக்கொண்டு, இது என்ன மருந்தா என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் பனிக்கட்டிகளுக்கு நடுவே போனோம். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றில் மெதுவாக நகர்ந்தபோது தண்ணீரிலிருந்து ஒரு சத்தம். எண்ணெயில் கடுகு வெடிக்கிற அதே சத்தம், கடல் முழுக்க. பனிக்குள் எத்தனையோ காலமாக அடைபட்டுக் கிடந்த காற்று, கட்டி உருகும்போது வெளியே வருகிறது என்று நிவி எல்லோருக்கும் விளக்கினாள். கையைக் காட்டி, குரலை உயர்த்தி, பயமில்லாமல். பெரிய பெரிய ஆட்கள் அவள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, இவள் இனி வீட்டுக்கு எங்கே வரப்போகிறாள் என்றும் தோன்றியது.

ஐந்தாம் நாள் விடிகாலைக் காற்றில் முன்பாய் ஒன்று கிழிந்துவிட்டது. விடிகாலை என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. எட்டு மணிக்குத் தன் முறை முடிந்த பிறகும் நிவி படுக்கப் போகவில்லை. உட்கார்ந்து பாயைத் தைத்தாள். பன்னிரண்டு மணிக்கு நான் டெக்குக்கு வந்தபோதும் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திக் குத்தி இரண்டு விரலில் பிளாஸ்திரி. ஒன்றரை மணிக்குத்தான் கீழே போனாள். போகும்போது லார்ஸிடம் ஏதோ சொன்னாள். அவர் சிலேட்டில் எழுதிவிட்டு, "மாலதி, மூன்று மணிக்கு நிவியை எழுப்ப வேண்டும். சரியாக மூன்று" என்றார்.

மூன்று மணிக்கு இறங்கினேன். அவள் படுக்கை சுவரோரமாக ஒரு பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் ஒரு திரை. விலக்கினேன். பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு உடுப்போடு சுருண்டு கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிளாஸ்திரி போட்ட கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்திருந்தாள். போர்வை காலடியில் கிடந்தது.

அவள் முறை நாலு மணிக்குத்தானே? எப்போதும் மூன்றே முக்காலுக்குத்தானே எழுப்புவார்கள்? ஒன்றரை மணி நேரம்கூட முழுதாகத் தூங்கவில்லை குழந்தை. ஒரு அரை மணி கழித்து எழுப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். அது போதாது என்று என் பச்சை ஷாலைக் கழற்றி மேலே போர்த்திவிட்டு, திரையை மூடிவிட்டு வந்தேன்.

"எழுப்பியாயிற்றா?" என்றார் லார்ஸ்.

"ஆயிற்று" என்றேன். இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

மூன்றரைக்குப் போய் எழுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று இருபதுக்கு எங்கள் குழு முழுவதையும் பாய் இறக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். கயிறு கையில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போக முடியாது. முன்னால் இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகலாக ஒரு நீர்வழி தெரிந்தது. தண்ணீர் அதற்குள் காவிரி வெள்ளம் போலச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் சில தடவை, கொஞ்ச நேரம் மட்டும் அது அடங்கி நிற்கும். அதற்குள் கப்பலைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கர்ட்ரூட் சொன்னார். மூன்றரைக்கு பீட்டர் மேலே வந்தார். சுற்றிப் பார்த்தார். "நிவி எங்கே?"

லார்ஸ் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பார்த்தேன்.

பீட்டர் தண்ணீரை ஒரு தடவையும் கடிகாரத்தை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, கர்ட்ரூட்டைக் கீழே அனுப்பினார். இன்ஜினைப் போடச் சொன்னார். தண்ணீர் யாருக்காகவும் நிற்காது. கர்ட்ரூட் எழுப்பி, நிவி பூட்ஸ் கயிறு கட்டாமல், தலை கலைந்து ஏணியில் ஏறி வந்தபோது கப்பல் நீர்வழிக்குள் நுழைந்திருந்தது. அவள் பீட்டர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பாமலே, "இப்போது வேண்டாம்" என்றார். அவள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பாறைகள் நகர்வதைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகம் அப்படிச் சுண்டிப்போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் தாண்டியதும் பீட்டர் கேட்டார். "என்ன ஆயிற்று?"

நிவியின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்தது. ஷால் இல்லாத என் தோளில் நின்றது. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "தூங்கிவிட்டேன். என் தவறு."

நான் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அடுக்களைப் பெஞ்சில் எனக்குக் கேரட் நறுக்கும் வேலை. எட்டு மணிக்குத் தன் முறை முடிந்ததும் நிவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஷாலை மடித்து என் மடியில் வைத்தாள். கர்ட்ரூட் பக்கத்திலேயே பாத்திரம் துடைத்துக்கொண்டு, அம்மாவும் பெண்ணும் ஏதோ ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா?" என்றாள்.

"ரொம்ப டயர்டா இருந்த கண்ணு. அரை மணி நேரந்தானேன்னு விட்டேன்."

"டுவெல்த் கிரேட்ல ஸ்விம் மீட் அன்னிக்கும் இதேதான் பண்ண. எனக்கு இருமல்னு எழுப்பாமயே விட்டுட்ட. டீம்ல எல்லாரும் பஸ்ல வெயிட் பண்ணிட்டிருந்தாங்க."

"அன்னிக்கு உனக்கு நிஜமாவே காய்ச்சல்டி."

"அம்மா. பீட்டர் சம்மர் பூரா என்னை அப்ஸர்வ் பண்ணிட்டிருக்கார். இன்னிக்கு நான்தான் ஷிப்ப உள்ள எடுத்துட்டுப் போகணும். மேப் பாத்து ப்ரிப்பேர் பண்ணத்தான் மூணு மணிக்கு எழுப்பச் சொன்னேன். அதுதான் என் டெஸ்ட்."

கத்தி கையில் நின்றுவிட்டது. "எங்கிட்ட சொல்லவேயில்லயே நீ."

"சொல்லியிருந்தா எழுப்பியிருப்பியா?"

இதற்கு ஒரு தாய் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவருகிட்ட ஏன் என் பேர சொல்லல?" என்றேன்.

"சொன்னா இனிமே உன்னை நம்பி யாரும் தூங்க மாட்டாங்கம்மா. இன்னும் பாதி ட்ரிப் இருக்கு. பாவம் நீ" என்று எழுந்து போய்விட்டாள். அவள் கோபித்துக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமாளித்திருப்பேன். அந்தப் பாவம் என்ற வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

படுத்தபடி யோசித்தேன். நான் எதை வேண்டிக்கொண்டு வந்தேனோ அது நடந்துவிட்டது. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் அறை அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை என்னோடு மௌரி அவென்யூவுக்குக் கீரை வாங்க வருவாள். சேகர் மறுபடி நன்றாகத் தூங்குவார். யோசிக்க யோசிக்க இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கு நடுவில் தூக்கமும் வந்துவிட்டது. இவ்வளவுதான் நான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில்தான் மனசு புரண்டது. நிவியின் குழுவில் ஓர் ஆள், ஏதோ பேங்கில் பெரிய பதவியாம், கஞ்சியைக் கிண்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்ல பெண்தான். ஆனால் கப்பலை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குப் பொறுப்பு இன்னும் வரவில்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருக்குப் பொறுப்பு இல்லை? நாலு மணிக்கு எழுந்து ஒன்றரை வரை உட்கார்ந்து விரல் கிழியக் கிழியப் பாய் தைத்தவளுக்கா? நீ அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். கையெழுத்து கிடைக்காமல் அவள் வீட்டுக்கு வருவதை நான் விரும்பினேன், உண்மைதான். ஆனால் இப்படி ஒரு பெயரோடா என் பெண் வர வேண்டும்? பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

பீட்டர் வரைபட மேஜையில் இருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுப்பிவிட்டதாக லார்ஸிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"அது இரண்டாவது தவறு."

"நிவி தன் மேல் போட்டுக்கொண்டபோது பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தேன். அது மூன்றாவது" என்றேன்.

"நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் ஷால் அவள் மேல் இருந்தது."

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். பிறகு, "லார்ஸிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார். கையெழுத்து என்று நான் ஆரம்பித்தேன். "அது என் வேலை" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

லார்ஸ் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து எழுப்பும் வேலைக்கு கர்ட்ரூட்டைத்தான் அனுப்பினார். எனக்குக் காபிக் கோப்பை கழுவுவது. மூன்று நாள் அப்படித்தான். உருளைக்கிழங்குக்குப் பருப்புப்பொடி மட்டும் எப்போதும் போலக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் என்றால் பொடியையும் மறுத்திருப்பார்கள்.

நிவிக்கு விஷயம் எட்டியது. டெக்கில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். "சொல்லிட்டியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"அந்த பேங்க்காரன் உன்னைப் பொறுப்பில்லாதவள்னு சொன்னான்."

"அதுக்கா?"

"பின்ன?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. பிறகு, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் போட்ட ரூல் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் அதே நீர்வழியாகத் திரும்ப வேண்டும். தண்ணீர் அடங்குவது இப்போதும் பிற்பகல்தானா என்று கர்ட்ரூட்டிடம் கேட்டேன். காலம் கொஞ்சம் தள்ளிப்போய் ஐந்தரை மணி என்றார். மதியம் பீட்டரே டெக்குக்கு வந்து சிலேட்டை எடுத்தார். நிவி, மூன்று மணி என்று எழுதினார். அவள் இந்தத் தடவை கூடுதல் நேரம் கேட்டிருந்தாளாம். எழுதிவிட்டு, பக்கத்தில் எழுப்புகிறவர் பெயரை எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். மாலதி என்று எழுதினார். லார்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பீட்டர் சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நிவிதான் கப்பலைக் கொண்டுபோனாள். பீட்டர் அவளுக்குப் பின்னால் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார், அந்தப் பக்கம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்று லார்ஸ் சொன்னார். கடைசி நாள் தாளில் கையெழுத்து விழுந்தது. காணாமல் போன என் பெட்டி திரும்பும் வழியில் ஏர்போர்ட்டில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சேகர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டார். எங்கள் எக்ஸிட் வந்தபோது, "நல்லா ஓட்டுறாளா?" என்றார். "ஆமாங்க, நல்லா ஓட்டுறா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பனிக்கட்டியைவிட, வெள்ளைக் கரடியைவிட (ஒன்று தூரத்தில் தெரிந்தது, அழுக்கு மூட்டை மாதிரி இருந்தது), எனக்கு அந்தப் பயணத்தில் மறக்காதது அந்த ஒன்பதாம் நாள் மூன்று மணிதான்.

இறங்கினேன். திரையை விலக்கினேன். அன்றைக்கும் அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. காலையிலிருந்து நங்கூரத்தோடு போராடியிருந்தாள். அதே மாதிரிதான் சுருண்டு கிடந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. இப்போது எழுப்பினால் அவள் போய்விடுவாள், ஒன்றரை வருடம் பார்க்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முடியை ஒதுக்கிவிட்டு, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மிணி, மூணு மணி. எந்திரி."

கண்ணைத் திறக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃப்ரீமான்ட்டில் ஒண்ணாம் கிளாஸ் போகும்போது இருந்த அதே குரலில், தூக்கத்திலேயே, தமிழிலேயே கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்மா."

அந்த ஐந்து நிமிடத்தை நான் அவளுக்கு எத்தனை தடவை கொடுத்திருக்கிறேன். கேட்காதபோதும் கொடுத்திருக்கிறேன். "இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு, போர்வையை உருவினேன்.